செருப்பு ஸ்டாண்டு கேட்டார்கள், பிள்ளைகள் ஸ்டூல் செய்தார்கள்

மொரீஷியஸின் மேட்டுநிலத்தில் மழைக்காலம் என்பது பெயருக்குத்தான், மழை எப்போதும் உண்டு. தலைநகர் போர்ட் லூயியில் வெயில் கொளுத்துகிற அதே நேரத்தில் வாக்குவா, கியூர்பிப் பக்கம் தூறிக்கொண்டிருக்கும். எங்கள் கோயில் வாசல் அதனால் பெரும்பாலும் ஈரமாகவே கிடக்கிறது. அந்த ஈரத்தில் செருப்புகளும் கிடக்கின்றன, ஜோடி பிரிந்து, தலைகுப்புற. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்து தர முடியுமா என்று கமிட்டிச் செயலாளர் கேட்டார். ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் இவர்கள். வார நாட்களில் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கிறார்கள். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறார்கள்.

உடனே ஒப்புக்கொண்டேன். ஸ்டாண்டின் மீது எனக்குப் பெரிய ஆசை இல்லை. டிசைன் திங்கிங் என்கிற வடிவமைப்புச் சிந்தனையைச் சிறுவர்களுக்குச் சொல்லித் தருவதாகப் பல இடங்களில் நடப்பது 'எதிர்கால நகரம்', 'செவ்வாய்க் கிரகத்தில் வீடு' போன்ற கைவேலைதான். பார்க்க அழகாக இருக்கும், பெற்றோர் படம் எடுப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் குடியிருந்து பார்த்து "சமையலறைக் கதவு இடிக்கிறது" என்று சொல்ல ஆள் கிடையாது. நிஜமான ஒருவர், நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில், "இது எனக்குச் சரிப்படவில்லை" என்று சொல்லக்கூடியவராக இருந்தால்தான் குழந்தைக்கு வடிவமைப்பு என்றால் என்னவென்று புரியும். கோயில் வாசலில் அப்படிப்பட்டவர்கள் தினமும் வருகிறார்கள். செயலாளரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: என்ன செய்வது என்று முடிவு செய்யப்போவது செருப்பைக் கழற்றுகிறவர்கள், நானும் இல்லை, கமிட்டியும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். எதற்குச் சரி சொன்னோம் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி-ஸ்கூல் பரப்பிய ஐந்து கட்டங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் எல்லோருக்கும் மனப்பாடம்: பிறர் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், யோசனைகளைப் பெருக்குதல், மாதிரி செய்தல், சோதித்தல். அவற்றை அறுகோணங்களாக வரைந்த போஸ்டரால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. ஆமதாபாத்தில் 2001-இல் ரிவர்சைடு பள்ளியைத் தொடங்கிய கிரண் பிர் சேத்தி, 2009-இல் 'டிசைன் ஃபார் சேஞ்ச்' என்ற இயக்கத்துக்காக இதையே நான்காகச் சுருக்கினார்: உணர், கற்பனை செய், செய், பகிர். சிறுவர்களுக்கு இது போதும். ஆனால் எந்த முறையை எடுத்தாலும் முதல் படியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். நான் முதல் படியிலேயே நெடுநாள் உட்கார்ந்துவிட்டேன். பெற்றோர் சிலர், "மிஸ், எப்போது செய்யத் தொடங்குவீர்கள்?" என்று கேட்கும் அளவுக்கு.

சும்மா "கவனித்துப் பாருங்கள்" என்றால் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. எதைப் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். ஒருவர் வருகிறவரின் கால்களை மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர் கைகளை மட்டும். கேள்வி கேட்கக் கூடாது, உதவி செய்யவும் கூடாது (இதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது). ஒரு மனித உருவத்தின் வெளிக்கோடு வரைந்த தாளைக் கொடுத்து, கை எங்கே பட்டதோ அங்கே புள்ளி வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்கு முந்தைய அரைமணி நேரம் இதற்குத் தோதானது.

தாள்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது செருப்பைப் பற்றிய புள்ளிகள் குறைவு. சுவரைப் பற்றிய புள்ளிகள்தான் குவிந்திருந்தன. வயதானவர்கள் இடது கையைச் சுவரில் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, வலது கையால் குதிகால் வாரை இழுக்கிறார்கள். ஒரு பாட்டி அப்படி நின்றபடியே இருமுறை இழுத்தும் வார் வராமல், காலைக் கீழே வைத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கினார். பின்வரிசையில் எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "மிஸ், சுவர் ஏன் அங்கே மட்டும் அழுக்காக இருக்கிறது?" படிக்குப் பக்கத்தில், வெளிர் மஞ்சள் பெயிண்டின் மேல், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்துப் பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கு. பல வருடக் கைகள் பட்டுப் பட்டு ஏறியது. நாங்கள் அத்தனை பேரும் வாராவாரம் தாண்டிப் போகிற சுவர் அது. டேப் வைத்து அளந்தார்கள்: அழுக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம். வெளியில் இருந்து ஒரு நிபுணர் வந்திருந்தால் இந்த எண்ணை ஏதாவது அட்டவணையில் தேடியிருப்பார்.

அடுத்தது பேச்சு. பிள்ளைகள் எழுதிவந்த முதல் கேள்வி, "உங்களுக்குச் செருப்பு ஸ்டாண்டு வேண்டுமா?" என்பது. இதற்கு யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பேரப்பிள்ளை கேட்கும்போது எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளையெல்லாம் அடித்துவிட்டு, "கடைசியாக மழை பெய்த அன்று இங்கே செருப்பைக் கழற்றும்போது என்ன ஆயிற்று?" என்று நடந்ததைக் கேட்கும்படி மாற்றினோம். கிரியோலில் கேட்டுத் தமிழில் எழுதினார்கள். வந்த பதில்கள் வேறு ரகம். "குனிந்தால் தலை சுற்றுகிறது, கண்ணு" என்றார் ஒரு பாட்டி. ஒரு தாத்தா, வார் இல்லாத ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் கோயிலுக்குப் போட்டு வருவதை நிறுத்தியே விட்டாராம். இன்னொருவர், மழை பெய்தால் வாசலில் வழுக்கும் என்று பயந்து வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். செருப்பு தொலைந்தது என்று குறை சொன்னவர் ஒருவர்தான். அவர் கமிட்டி உறுப்பினர்.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். பெரிய சண்டைக்குப் பிறகு வந்தது இது: "பாட்டியால் ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை, அவருக்கு உட்கார ஓர் இடமும் பிடித்துக்கொள்ள ஓர் இடமும் வேண்டும்." செருப்பு என்ற சொல்லே அதில் இல்லை. செயலாளரிடம் இதை நான் போய்ச் சொல்லவில்லை. புள்ளித் தாள்களோடு பிள்ளைகளையே அனுப்பினேன். "ஸ்டாண்டு கேட்டால் நாற்காலி என்கிறீர்களே" என்று அவர் முகம் சுளித்தார். ஒரு சிறுமி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சுவர் அழுக்கைக் காட்டினாள். அதற்குமேல் அவர் வாதாடவில்லை. "கீழே நாலு ஜோடியாவது வைக்க இடம் விடுங்கள், அம்மா" என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டார்.

யோசனைகளுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. ஆளுக்கொரு தாளை எட்டாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படம், கட்டத்துக்கு ஒரு நிமிடம். முதல் மூன்று கட்டங்களில் எல்லோரும் நாற்காலிதான் வரைவார்கள். ஐந்தாவதுக்குமேல்தான் கை தானாக ஓடும். செருப்பைக் கழற்றிவிடும் குரங்கு வந்தது, ஊஞ்சல் வந்தது, சுவரிலிருந்து மடித்து இறக்கும் பலகை வந்தது. புளியங்கொட்டைகளைக் கொடுத்து ஓட்டுப் போட வைத்தேன், ஆனால் கொட்டையை வைக்குமுன் "இது அந்தப் பாட்டிக்கு எப்படி உதவும்?" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். குரங்கு அங்கே தோற்றது. ஊஞ்சல் தோற்றதற்குக் காரணம் ஆடுகிற பொருளில் உட்காரப் பாட்டிக்குப் பயம் என்பது. இதை நான் சொல்லவில்லை.

சிறு மாதிரிக்குப் பல்குச்சியும் ஊறவைத்த கொண்டைக்கடலையும். இந்தியாவில் பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தா தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்துச் செய்யும் முறையைப் பரப்பியிருக்கிறார். அந்த டியூப் எங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. கடலை முறை அதைவிடப் பழையது. ஜெர்மனியில் 1837-இல் தம் முதல் பாலர் பள்ளியைத் திறந்த ஃபிரோபெல், குச்சியையும் ஊறிய பட்டாணியையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களில் சேர்த்தவர். கடலை காய்ந்ததும் இறுகி, குச்சியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சதுரமாகச் செய்தவர்களின் ஸ்டூல் விரலால் தொட்டதும் சாய்ந்தது. குறுக்கே ஒரு குச்சி போட்டு முக்கோணமாக்கியதும் நின்றது. இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. மீந்த கடலையைச் சுண்டலாக்கிச் சாப்பிட்டோம்.

முழு அளவு மாதிரிக்கு அட்டை. 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு இங்கே தடை வந்தது; அட்டைப்பெட்டிக்கோ எந்தக் கடையிலும் பஞ்சமில்லை. குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் வருகிற இரட்டை அடுக்கு அட்டைதான் நல்லது. அட்டையின் உள்ளே ஓடும் அலைகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதில்தான் முழு பலமும் இருக்கிறது. அலை செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் ஒரு தூண், படுத்துக்கிடந்தால் நசுங்கிவிடும். ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டையும் குழாயாகச் சுருட்டி, ஒன்றில் அலை நிமிர்ந்தும் மற்றதில் படுத்தும் இருக்கும்படி நிறுத்தி, மேலே புத்தகங்களை அடுக்கிப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். கால்களுக்குத் துண்டுகளைப் பாதி உயரம் வரை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தோம். வெட்டின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும்; கொஞ்சம் அகலமானாலும் ஆடும். கட்டர் கத்தி பெரியவர்கள் கையில் மட்டும். பிள்ளைகளுக்கு மழுங்கிய பல்கத்தி கொடுத்தேன், அட்டையை அது நன்றாகவே அறுக்கிறது.

பசை மைதாப் பசை. ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு கப் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால், கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கூடவே கூடாது. ஒரு சிட்டிகை படிகாரம் போட்டேன். எங்கள் ஊர் ஈரத்தில் அட்டை காய அடுத்த சனிக்கிழமை ஆகிவிடும். அதுவரை மேலே பாரம் வைக்காவிட்டால் வளைந்துகொள்ளும்.

சோதனை தண்ணீர் பாட்டில்களால். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றரை கிலோ. 60 கிலோ தாங்க வேண்டுமென்றால் 40 பாட்டில் என்று கணக்குப் போட்டு, இடையிடையே பலகை வைத்து அடுக்கினார்கள். முதல் ஸ்டூல் பாதிக்குமேல் தாங்கிவிட்டுச் சட்டென்று பக்கவாட்டில் சரிந்தது. பாட்டில்கள் மண்டபம் முழுக்க உருண்டன. கூச்சல் அடங்கியதும் ஒருத்தி கடலை ஸ்டூலை எடுத்து வந்து குறுக்குக் குச்சியைக் காட்டினாள். அட்டை நசுங்கவே இல்லை, குறுக்கு இல்லாததால் மடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் குறுக்கு அட்டை கோர்த்ததும் 40 பாட்டிலும் நின்றன. வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய ஒரு போட்டி உண்டு: ஸ்பகெட்டி, டேப், நூல் கொண்டு கோபுரம் கட்டி உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை நிறுத்த வேண்டும், 18 நிமிடத்தில். அதில் வணிக மேலாண்மை மாணவர்களைவிடப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள் என்பது பிரபலமான செய்தி. பெரியவர்கள் திட்டம் போட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைக்கிறார்கள், சரிகிறது. சிறுவர்கள் தொடக்கத்திலிருந்தே வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதுதான். பாட்டில் உருண்டால் உருளட்டும் என்று விட்டுவிட வேண்டும். பெற்றோரை அன்று மட்டும் உள்ளே விடாமலிருப்பது உத்தமம்.

தலை சுற்றுகிறது என்று சொன்ன பாட்டியை அழைத்தோம். இரண்டு பக்கமும் ஆள் நிற்க, அட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எழவில்லை. "உட்காருவது சுலபம், கண்ணு, எழுந்திருப்பதுதான் பெரிய வேலை" என்றார். அவருடைய முழங்காலின் பின்மடிப்புவரை அளந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் செய்திருந்தார்கள். உட்கார அது சரியான உயரம், எழ அல்ல. அடியில் அட்டைகளைச் சொருகிச் சொருகி உயர்த்தி 47-இல் அவர் சிரமமில்லாமல் எழுந்தார். பிடிக்கு ஒரு விளக்குமாற்றுக் கம்பை ஒருவர் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, படுக்கையாகவும் சாய்வாகவும் செங்குத்தாகவும் மாற்றி மாற்றிக் காட்டினோம். செங்குத்துக்குத்தான் அவர் தலையசைத்தார்: எழ எழக் கை மேலே ஏறிக்கொண்டே போகலாம். தடிமனுக்குச் செய்தித்தாளைப் பல பருமனில் சுருட்டிக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். மூட்டு வீங்கிய விரல்களுக்கு மெல்லியது வலிக்கிறது. மூன்றரை சென்டிமீட்டர் சுருள்தான் எல்லோருக்கும் பிடித்தது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. பாட்டி உட்காருமுன் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தேங்காய், பழம், சூடம் வைத்த தட்டைச் செருப்பு கிடக்கிற தரையில் எப்படி வைப்பார்? ஒரு பிள்ளை ஓடிப்போய் வாங்கிக்கொண்டது. கைகளை மட்டும் பார்க்கும் வேலை செய்தவர்கள் தங்கள் பழைய தாள்களைத் திருப்பிப் பார்த்தார்கள். பலரும் ஒரு கையில் தட்டோடுதான் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். பிடிக்கு எதிர்ப்பக்கம், செருப்பு வைக்கும் இடத்திலிருந்து நன்றாக விலகி, சுவரில் ஒரு தட்டுப் பலகை சேர்ந்தது.

ஈரக் காற்றில் அட்டை பலம் இழந்துவிடும். அதனால் நிரந்தரமானதை மரத்தில் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மாணவியின் அப்பா தச்சு வேலை செய்கிறவர். துறைமுகம் வழியாக வரும் சரக்குப் பலகைச் சட்டங்களை (பாலெட்) பிரித்து எடுத்தோம். இப்படிச் செய்கிறவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். சரக்கு மரங்களுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி 'எச்.டி.' (HT) என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடமாவது சூடாக்கப்பட்டது என்று பொருள், அதை எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. குழந்தைகள் தேய்க்கிற வேலைக்கு அது ஆகாது. உப்புத்தாள் தேய்ப்பது முழுக்கப் பிள்ளைகள். அறுப்பது, துளைப்பது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குவது அப்பா. குழாய் 60 சென்டிமீட்டரில் தொடங்கி 120 வரை போகிறது. சுவர் அழுக்கு அதன் நடுவில் வருகிறது. மழைநீர் தேங்காமலிருக்க உட்காரும் பலகைக்கு முன்பக்கம் லேசான சாய்வு, கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பர். உட்காரும் பலகைக்குக் கீழே செருப்புக்கு ஒரு தட்டும் உண்டு, செயலாளர் கேட்ட நாலு ஜோடிக்கு இடமிருக்கிறது. தச்சரும் பூசாரி ஐயாவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சோதித்துக் கொடுத்தார்கள்.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்று வாசலில் நிற்கவே இடமிருக்காது. கூட்டத்தில் ஸ்டூல் தடைக்கல்லாகிவிட்டது, தூக்கி மண்டபத்துக்குள் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கோபம். வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறும் வரிசையில் நின்றபடியே அதைப் பற்றிப் பேசி, மடித்துச் சுவரோடு சாத்தக்கூடிய ஸ்டூல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எட்டு கட்டத் தாளில் அந்த மடிப்புப் பலகையை வரைந்திருந்தவன் அன்று முழுக்க அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தான்.

இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்ட பெற்றோர் உண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வு இந்தத் தீவில் எந்த வீட்டையும் நிம்மதியாக விடுவதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் மதிப்பெண் போடவில்லை. ஒவ்வொருவரும் முதலில் வரைந்த படத்தையும் கடைசியில் வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவில் எது மாறியது, யார் சொன்னதால் மாறியது என்று தமிழில் நாலு வரி எழுதச் சொன்னேன். பாடப்புத்தகக் கட்டுரைக்கு ஒரு பத்தி எழுத முனகுகிறவர்கள் இதற்கு இரண்டாவது தாள் கேட்டார்கள். சாய்வு, மடிப்பு, தாங்கும், ஆடுகிறது, வழுக்குகிறது என்று வேலைக்கு வேண்டிய சொற்களை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது வந்திருக்கும் புகார் வலது தோள் தூக்க முடியாத ஒரு தாத்தாவிடமிருந்து: பிடி அவருக்குத் தவறான பக்கத்தில் இருக்கிறது. இடது பக்கம் இன்னொன்று போட்டால் தட்டுப் பலகையை எங்கே நகர்த்துவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. குழாய் வாங்கியாகிவிட்டது. சுவரில் துளை போடத் தச்சர் தீபாவளி கழிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அட்டையில் செய்து தாத்தாவிடம் காட்டிவிட வேண்டும்.